இடது பக்க ஜன மைக்

கருங்கல் என்ற சென்னை ஹெவி மெட்டல் குழு, அதாவது அலறலும் அதிரடி கிட்டாருமான ராக் குழு, இதுவரை ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பமும், மேடையில் ஜனங்கள் முன்னால் பதிந்த ஆறு லைவ் ஆல்பங்களும் வெளியிட்டிருக்கிறது. ஏழிலும் ‘ஒலிப்பதிவு’ என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆகவே, மெட்டல் குழுக்கள் தேவைக்கு மேல் லைவ் ஆல்பங்கள் போடுகின்றனவா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடைக்கமாட்டான்.

கேள்வி என்னுடையது அல்ல. ஒலிப்பதிவாளர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிற என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களும், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கும்பிடு போடுகிற இளையவர்களும் அதில் இருக்கிறோம். போன மாதம் நிவேதா என்ற பெண், அடையாறில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர், புதிதாக வந்த ஒரு மென்பொருளைப் பற்றி எழுதினார். பாட்டைக் கொடுத்தால் போதுமாம். எத்தனை பேர் கூட்டம் வேண்டும், ஐந்நூறா ஐயாயிரமா என்று அது கேட்குமாம். சொன்னதும் கூச்சல், விசில், கைத்தட்டல் எல்லாவற்றையும் தானே தயாரித்துப் பாட்டின் மேல் போர்த்திவிடுமாம்.

உடனே சண்டை மூண்டது. “அதான் இவனுங்க வருஷத்துக்கு ஒரு லைவ் ஆல்பம் போட்டுத் தள்றானுங்க” என்றார் ஒருவர். “அதே ஒன்பது பாட்டு. எத்தனை தடவைதான் கேக்கறது?” என்றார் இன்னொருவர். “லைவ்தான்யா மெட்டல், ஸ்டூடியோவுல எவன் வேணா கத்துவான்” என்று மூன்றாமவர் எகிறினார். கடைசியில் நிவேதா என் பக்கம் திரும்பினார். “முரளி சார், கருங்கல்லோட எல்லா ஆல்பமும் நீங்க பண்ணதுதானே? நீங்க சொல்லுங்க. ரொம்ப அதிகமா?”

நான் ஒரு செம்பருத்திப் படத்தை அனுப்பிவிட்டு நழுவினேன். நழுவினேனே தவிர, அன்று முழுக்க மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் மேற்கு மாம்பலத்துக்காரன். ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பதில் ஒரு டிப்ளமோ. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த சின்ன ஸ்டூடியோவுக்கு ஒரு டேப் மெஷினைப் பழுது பார்க்கப் போனேன். மெஷின் சரியாகவில்லை. நான் சரியாகும்வரை இருக்கட்டும் என்று வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் நான்கு வருடங்கள் நான் செய்தது கேபிள் சுற்றுவது மட்டும்தான். இன்றைக்கும் என் மனைவி துணி காயப்போடும் கயிற்றைக் கழற்றினால் நான் ஓடிப்போய் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கொடுப்பேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வரதன் சாரைப் பற்றி. ஸ்டூடியோவின் தலைமை ஒலிப்பதிவாளர். மயிலாப்பூர்க்காரர். கச்சேரிகளைப் பதிவு செய்வதில் கெட்டிக்காரர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சத்தத்தில் ஏதாவது பிசகினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். பிசகு சரியாகும்வரை திரும்பப் போட்டுக்கொள்ள மாட்டார். நான் சேர்ந்த பிறகு அவர் கண்ணாடி இல்லாமல் இருந்த நேரமே அதிகம்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். மின்விசிறிகளை எல்லாம் ஓடவிட வேண்டும். ஆள் யாரும் இல்லாத மண்டபத்தை இரண்டு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். “வெறும் மண்டபத்துக்கும் ஒரு குரல் உண்டுடா. அதைத் தெரிஞ்சுக்காம மனுஷாளோட குரலைப் பதியப்படாது” என்பார். அடுத்தது, ஜனங்களுக்கான மைக். மேடையை நோக்கி எத்தனை மைக் வைத்தாலும், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்தபடி உயரமான ஸ்டாண்டில் இரண்டு மைக் நிற்க வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவற்றுக்கு ஜன மைக் என்று பெயர் வைத்திருந்தார்.

“பாடறவாளுக்கு எத்தனை வேணா வச்சுக்கோ. ஜனத்துக்கு ரெண்டு வச்சே ஆகணும். கச்சேரியில அவாளும்தானே இருக்கா?”

“சரி சார்.”

“அந்த மைக் பக்கத்துல நின்னுண்டு வாயைத் திறக்கப்படாது. தும்மல் வந்தாக்கூட ஆத்துக்குப் போய்த் தும்மிட்டு வா.”

அவர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்த பிறகு, ஸ்டூடியோவும் அவர் பதிவுகளும் என் கைக்கு வந்தன. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அவர் பதிவு செய்த ஜன மைக்குகளிலிருந்து நல்ல கைத்தட்டல்களை எல்லாம் வெட்டியெடுத்து, கணினியில் ஒரு இடத்தில் சேர்த்து வைத்தேன். சின்னது, நடுத்தரம், பெரியது, எழுந்து நின்று தட்டியது என்று தரம் பிரித்தேன். அதற்கு ‘டப்பா’ என்று பெயரும் வைத்தேன். எந்தப் பதிவில் கைத்தட்டல் இளைத்துப் போயிருந்தாலும் டப்பாவைத் திறந்து ஒரு பிடி தூவுவேன். அவர் கண்ணாடியைக் கழற்ற அங்கே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கருங்கல் வந்து சேர்ந்தது.

குழுத் தலைவன் செந்தில். தென்பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் துணிக்கடை வைத்த குடும்பம். பகலெல்லாம் பட்டுப் பிரிவில் நின்று ஜாக்கெட் துணி கிழித்துக் கொடுப்பான். அதே விரல்கள் மாலையில் கிட்டாரைக் கிழிக்கும். பாடகன் அலோஷியஸ். சாந்தோம்காரன், தலைமுறை தலைமுறையாக அதே மாதா கோயில் பங்கு. பங்குப் பள்ளியில் டிரில் மாஸ்டர். ஆறடி உயரம், மூன்று தெரு தள்ளிப் போகிற பையனையும் திரும்ப வைக்கிற தொண்டை. ஸ்டூடியோவில் அவன் முதன்முதலாக மைக் முன்னால் நின்று அலறியபோது, ஏதோ ஒலிபெருக்கி வெடித்துவிட்டது என்று நினைத்து நான் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டேன். இருட்டில் அலோஷியஸின் குரல் மட்டும் அமைதியாக வந்தது.

“இன்னா நைனா, புடிக்கலன்னா வாயால சொல்லலாமே. கரண்ட்டை ஏன் புடுங்கற?”

அன்று முதல் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். அதை முடிக்க இரண்டு வருடம் ஆனது. பத்தாவது பாட்டு பிறக்கவே இல்லை. செந்திலுக்குக் கடை, அலோஷியஸுக்குப் பள்ளிக்கூடம், மற்ற இருவருக்கும் ஐ.டி. வேலை. ஆனால் வருடத்தில் ஒருநாள் எங்காவது ஒரு மண்டபத்தைப் பிடித்து நிகழ்ச்சி மட்டும் நடத்திவிடுவார்கள். “புதுப் பாட்டு வரும்போது வரட்டும்ணே. அதுவரைக்கும் லைவ் போடுவோம். நாம இருக்கோம்னு தெரியணும்ல?” என்பான் செந்தில்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெட்டல் ரசிகனுக்கு லைவ் ஆல்பம் என்பது ஓர் அத்தாட்சி. இத்தனை வேகத்தில் இவர்களால் நிஜமாகவே வாசிக்க முடியுமா, இந்தத் தொண்டை நிஜமாகவே ஒன்றரை மணி நேரம் தாங்குமா என்பதற்கான சாட்சி. அந்தச் சாட்சியத்தை ஜோடிக்கிற வேலை என்னிடம் வந்தது.

முதல் லைவ் ஆல்பம் அடையாறில் ஒரு கல்லூரி அரங்கில் பதிவானது. வந்தது அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேர் தட்டினால் அறுபத்து மூன்று பேர் தட்டியது போலத்தான் கேட்கும். செந்தில் முகம் தொங்கிப்போனது. நான் டப்பாவைத் திறந்தேன். மார்கழிக் கச்சேரி ஒன்றில் எழுந்து நின்று தட்டிய கூட்டத்தை அப்படியே எடுத்து, சுடுகாட்டைப் பற்றிய இரண்டாவது பாட்டின் முடிவில் இறக்கினேன். பிரமாதமாகப் பொருந்தியது. ஆல்பம் வெளியாகி ஒரு வாரம் கழித்து ஒரு ரசிகர் எழுதினார்: “இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் ‘பேஷ், பேஷ்’ என்கிறாரே, யார் அவர்? அந்த வயதில் முன்வரிசையில் நின்று மெட்டல் கேட்கிறார் என்றால் அவர் காலில் விழ வேண்டும்.” பேஷ் மாமா என்று அவருக்குப் பெயர் வைத்து, பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நான்கு லைவ் ஆல்பங்களிலும் எங்காவது ஓரிடத்தில் பேஷ் மாமாவை வைக்கச் சொல்லி எனக்குக் கோரிக்கை வந்தது. வைத்தேன்.

கைத்தட்டலில் தொடங்கிய கை அத்தோடு நிற்கவில்லை. அலோஷியஸ் ஒரு வரியை விட்டிருந்தால் ஸ்டூடியோவில் பாட வைத்து ஒட்டினேன். கிட்டார் பிசகியிருந்தால் அதையும். ஐந்தாவது லைவ் ஆல்பத்தில் மேடையிலிருந்து வந்தவை டிரம்ஸும், பாட்டுகளுக்கு நடுவே அலோஷியஸ் அடித்த இரண்டு ஜோக்குகளும்தான். அதில் ஒரு ஜோக் சரியாக எடுபடாததால் சிரிப்பையும் டப்பாவிலிருந்துதான் கொடுத்தேன். ஜன மைக்குகளைப் பழக்க தோஷத்தில் எல்லா நிகழ்ச்சியிலும் நிறுத்துவேன். அவை பதிவு செய்ததை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை.

அலோஷியஸ் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கல்யாண போட்டோவுல மூஞ்சிக்கு பவுடர் அடிக்கறதில்லையா? அது மாதிரிதான்” என்று சொல்லிச் சிரிப்பான்.

ஆறாவது நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்னால் செந்தில் மட்டும் தனியாக வந்தான். வழக்கமாக உள்ளே நுழையும்போதே டீ எங்கே என்று கேட்பவன், கேட்கவில்லை.

“அண்ணே, அலோஷிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்ல? அது கட்டல் இல்லையாம்.”

“பின்னே?”

“குரல்வளையையே எடுக்கணும்ங்கறாங்க. தேதி குறிச்சாச்சு. நிகழ்ச்சி சனிக்கிழமை, ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை.”

“பாடலாமா அவன்?”

“டாக்டர் வேணாம்னுதான் சொன்னாராம். இவன், எப்படியும் எடுத்துடப் போறீங்க, மிச்சம் வச்சு இன்னா பண்றதுன்னு கேட்டிருக்கான்.” செந்தில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இதுதாண்ணே கடைசி. நல்லா வரணும்.”

நல்லா வரணும் என்று எந்தத் தொழிலில் யார் சொன்னாலும், அவரவர் கைப்பழக்கம் எதுவோ அதுதான் முதலில் எழுந்து உட்காரும். ஐந்து லைவ் ஆல்பங்கள் கைவசம் இருக்கின்றன, அதே ஒன்பது பாட்டுகள், அதே குரல்; எது போனாலும் மாற்றுத் துண்டு இருக்கிறது என்று நான் உள்ளுக்குள் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மண்டபம் மயிலாப்பூரில் ஒரு சபா. கச்சேரி சீசன் இல்லாததால் கிடைத்தது. நாற்காலி மேல் ஏறக்கூடாது, கேன்டீன் வழக்கம்போல் நடக்கும் என்று செயலாளர் இரண்டு நிபந்தனை போட்டார். கறுப்புப் பனியனும் தலைமுடியுமாக நானூறு பிள்ளைகள் வரிசையில் நின்று ரவா தோசை சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். வரதன் சாரோடு எத்தனையோ முறை வந்த மண்டபம் அது. மதியமே போய் மின்விசிறிகளை ஓடவிட்டு, வெறும் மண்டபத்தை இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். ஜன மைக் இரண்டையும் நிறுத்தினேன்.

அலோஷியஸ் எட்டுப் பாட்டுகளைப் பாடினான். எப்படிப் பாடினான் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே வெந்நீர் குடித்துவிட்டு வந்து நின்றான். ஒன்பதாவது ‘உப்புத் தண்ணி’. அவன் அப்பா வாழ்ந்த தெருவுக்குள் கடல் ஏறி வந்ததைப் பற்றி அவனே எழுதியது. அதன் முடிவில் நீளமாக ஓர் அலறல் வரும். முதல் ஆல்பத்தில் பதினோரு நொடி. அது ஓய்ந்ததும் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். பிறகு சாதாரணக் குரலில், தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, நான்கு வரிகள். அவ்வளவுதான் பாட்டு.

ஒன்பதாவது பாட்டில் பிள்ளைகள் தலையை ஆட்டிக் குதித்த குதியில் இடது பக்க ஜன மைக் ஸ்டாண்டு சாயப் பார்த்தது. உதவியாளரிடம் கருவிகளை ஒப்படைத்துவிட்டு நானே ஓடினேன். அறுபதை நெருங்குகிற, தொந்தியுள்ள, இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவன், குதிக்கிற கூட்டத்துக்கு நடுவே ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற காட்சியைப் படம் பிடித்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடவும்.

அலறல் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது நொடியில் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு வெறும் காற்று. வாத்தியங்கள் நின்றன. மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது போல ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் நான் ஏதோ முணுமுணுத்தேன். என்ன என்று அப்போது எனக்கே தெரியாது.

அலோஷியஸ் கண்ணை மூடியபடி நின்றான். பிறகு மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டு வழியாக உள்ளே போய்விட்டான். பாடகர்கள் இரண்டு காதிலும் ஒரு கருவியைச் செருகியிருப்பார்கள். அதில் அவர்கள் குழுவின் சத்தம் மட்டும்தான் கேட்கும், மண்டபம் கேட்காது. அவன் அதைக் கழற்றவே இல்லை. பின்வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து நான் ஆறாவது ஆல்பத்தில் உட்கார்ந்தேன். ‘உப்புத் தண்ணி’க்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. இரண்டாவது லைவ் ஆல்பத்தின் அலறல், மூன்றாவதிலிருந்து முதல் இரண்டு வரி, ஐந்தாவதிலிருந்து கடைசி இரண்டு வரி. ஒவ்வொன்றும் வேறு வேறு வேகம், வேறு வேறு அரங்கு. எல்லாவற்றுக்கும் அடியில் அன்று மதியம் பதிந்த வெறும் மண்டபத்தை விரித்தபோது தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. முடிவில் டப்பாவிலிருந்து பெரிய கைத்தட்டல். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. செந்தில் கேட்டுவிட்டு அழுதான். “இதாண்ணே நம்ம அலோஷி.”

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அலோஷியஸ் வந்தான், மனைவி பிலோமினாவோடு. பிலோமினாவும் ஆசிரியை. கணவனின் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை. அவன் மேடையேறுகிற நேரமெல்லாம் கோயிலில் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிடுவார். அலோஷியஸ் பாதியாகியிருந்தான். கழுத்தின் குழியில் ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. கையில் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பலகையும் மார்க்கரும். பேசுகிற மாதிரியேதான் எழுதுவான். எழுத நேரமில்லாவிட்டால் டிரில் மாஸ்டர் வழக்கப்படி கைதட்டுவான். ஒரு தட்டு என்றால் இன்னொரு முறை. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

வந்ததும் எழுதினான்: “கரண்ட்டைப் புடுங்காம போடு நைனா.”

போட்டேன். தலையைக் குனிந்து முழுப் பாட்டையும் கேட்டான். முடிந்ததும் எழுதினான்.

“சூப்பரா கீது. இவன் முப்பது வயசு அலோஷி. அன்னிக்கு மேடையில நின்னவன் எங்க?”

நான் செந்திலைப் பார்த்தேன். செந்தில் கூரையைப் பார்த்தான்.

“அது வேணாமே மச்சி” என்றான் செந்தில். “கேட்டா கஷ்டமா இருக்கும்.”

அலோஷியஸ் மார்க்கரை அழுத்தி எழுதினான். “என் தொண்டை. நான் கேக்கறேன்.”

அவன் குரலை மட்டும் தனியாகப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. உடைந்தது. காற்று. பிலோமினா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அலோஷியஸ் எழுதினான், நிதானமாக.

“அதுக்கப்புறம் ஹால்ல சத்தமே இல்ல. பாட்டு செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்.”

“டேய், இல்லடா” என்றான் செந்தில். “எத்தனை தடவை சொல்றது? அந்த நாலு வரியை அவங்க பாடினாங்கடா. மொத்த ஹாலும்.”

“நீ அறுபது பேரை ஆறாயிரம்னு சொல்றவன்” என்று எழுதிக் காட்டினான் அலோஷியஸ்.

“சத்தியமா!”

பிலோமினா என் பக்கம் திரும்பினார். “சார், ரெண்டு மாசமா இதேதான். ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறாரு. தூங்க முடியலையான்னு கேட்டா, எல்லாரும் சும்மா நின்னாங்க, நான் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்னு எழுதிக் காட்டறாரு. நான் அங்க இல்லை, எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க இருந்தீங்கல்ல?”

இருந்தேன். அவர்கள் பாடியதை நானும் கேட்டேன். ஆனால் என் மனசு அதற்குள் இரண்டாவது ஆல்பத்தின் அலறலைத் தேடப் போயிருந்தது. ஒன்பது நாள் வேலையில் அந்த நான்கு வரிகளை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

வலது பக்க ஜன மைக்கைத் திறந்து போட்டேன். நானூறு தொண்டைகள். சுருதி கிடையாது, தாளம் கிடையாது. ஆளுக்கு ஒரு வேகத்தில், ஆனால் நான்கு வரியும் முழுசாக. கடைசியில் கைத்தட்டல்.

அலோஷியஸ் கேட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபமே இல்லாத அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. பலகையைத் திருப்பிக் காட்டினான்.

“இதுவும் டப்பாவா நைனா?”

“இல்லப்பா. நிஜம். அன்னிக்குப் பதிஞ்சது.”

“பேஷ், பேஷ்” என்று எழுதினான்.

ஐந்து ஆல்பங்களில் அவனுக்காக நான் கூட்டம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை நிஜமாகவே கூட்டம் அவனுக்காகப் பாடியபோது, அதைச் சொல்ல என் வாய்க்கு மதிப்பில்லை. கணினியில் பதிவின் தேதியைக் காட்டினேன், கோப்பைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டினான், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“சரி, இடது பக்கத்தையும் கேளு” என்றேன். வேறு வழி தெரியாமல்தான் சொன்னேன். அதை நானும் அதுவரை கேட்டதில்லை.

இடது பக்க ஜன மைக். குதிக்கிற கால்கள். அலறல், தூரத்திலிருந்து. உடைகிறது. அந்த ஒரு கண மௌனம். மௌனத்தின் நட்டநடுவே, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடி போலத் தெளிவாக ஒரு மனிதக் குரல்:

“விடு, பழசுலேர்ந்து எடுத்து ஒட்டிக்கலாம்.”

அதற்கு அடுத்து எங்கோ பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை முதல் வரியைப் பிடிக்கிறாள். பிறகு இருவர். பிறகு எல்லாரும்.

நான் நிறுத்தக்கூட இல்லை. கை வரவில்லை. பாட்டு முடிந்து கைத்தட்டலும் முடிந்து வெறும் மண்டபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு சார் அந்த ஆளு?”

“நான்தாம்மா.”

ஒரு மனிதன் தன் வாழ்நாளின் கடைசிக் குரலை விட்டுக்கொண்டிருந்தபோது, மேடைக்குக் கீழே நின்று நான் சொன்ன வாக்கியம் அது. வரதன் சார் தும்மக்கூடக் கூடாது என்று சொன்ன இடத்தில். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த வாயைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

அலோஷியஸின் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. பிலோமினா பதறி அவன் கையைப் பிடித்தார். அவன் முகத்தைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறான். சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வழிய, இரண்டு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரிக்கிறான். மார்க்கரை எடுத்தான். சிரித்த குலுக்கலில் எழுத்து கோணியது.

“டப்பாவுல இந்த முட்டாள் இருக்க மாட்டான். அப்போ நிஜம்தான்.”

பிறகு ஒரு தட்டு தட்டினான். இன்னொரு முறை போட்டேன். இன்னொரு தட்டு. மறுபடி போட்டேன். நான்காவது முறை, கூட்டம் அந்த நான்கு வரிகளைப் பாடும்போது அவன் உதடுகளும் கூடவே அசைந்தன. பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணவனின் பாட்டை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார், அதுவும் நானூறு பேர் குரலில்.

என் ஒன்பது நாள் வேலையை அன்று மாலையே அழித்தேன். ஆறாவது ஆல்பத்தில் டப்பாவிலிருந்து ஒரு கைத்தட்டல்கூட இல்லை, ஒட்டும் இல்லை. பேஷ் மாமாவைக் காணோமே என்று ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். கருங்கல்லின் ஆல்பங்களிலேயே மோசமாகப் பதிவானது இதுதான் என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். சரியாகத்தான் எழுதினார். என் வாக்கியத்தை மட்டுமாவது வெட்டிவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அலோஷியஸ் இரண்டு தட்டு தட்டிவிட்டான். அது இருந்தால்தான் மற்றது நிஜம் என்பது அவன் கட்சி. அட்டையில் ‘கூடுதல் குரல்: முரளி’ என்று செந்திலை விட்டுப் போட வைத்தான். முப்பத்தைந்து வருடத் தொழிலில் நான் பாடகனாக இடம்பெற்ற ஒரே ஆல்பம் அது. டப்பாவையும் அந்த வாரமே அழித்தேன். அதில் இருந்தவை எல்லாம் நிஜமான கைகள், நிஜமான பாட்டுகளுக்காகத் தட்டியவை. வரதன் சார் பதிவு செய்த அந்தந்தக் கச்சேரிகளிலேயே அவை பத்திரமாக இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

ஆக, நிவேதா, உங்கள் கேள்விக்குப் பதில். கருங்கல்லைப் பொறுத்தவரை ஐந்து அதிகம். மற்ற குழுக்களின் கணக்கு எனக்குத் தெரியாது. அந்த ஐந்தும் லைவ் ஆல்பங்கள் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. அவை அப்படி இல்லை என்பதால் சொல்கிறேன்.

இப்போது கருங்கல்லில் ஒரு புதுப் பாடகி இருக்கிறாள். அன்று பின்வரிசையில் முதல் வரியைப் பிடித்த பெண்ணாக இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தேன். இல்லையாம், அன்று அவள் கேன்டீனில் இருந்தாளாம். பத்தாவது பாட்டும் ஒருவழியாகப் பிறந்துவிட்டது. போன வாரம் செந்தில் வீட்டுக்கு வந்து, அதே சபாவில் நிகழ்ச்சி, ஏழாவது லைவ் ஆல்பம், நீங்கள்தான் வந்து பதிய வேண்டும் என்று நின்றான். கூடவே அலோஷியஸ், பலகையோடு.

“ஏழாவதா? போதுமேடா” என்றேன். “எனக்கு வயசாச்சு. மைக் ஸ்டாண்டைப் பிடிக்கக்கூட ஆள் வேணும்.”

அலோஷியஸ் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தான். பலகையை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“இடது பக்க ஜன மைக்கை நான் புடிச்சுக்கறேன் நைனா. அந்த வேலைக்கு மெட்ராஸ்லயே என்னை மாதிரி ஆள் கிடையாது. வாயே தொறக்க மாட்டேன்.”